தனித்து இயங்கும் ஓவியர் அனிமேஷன் துறைக்குள் நுழைய எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கோட்டோவியன்

அனைவருக்கும் வணக்கம். 9 ஆண்டுகளாகப் புத்தகங்களுக்கும் இதழ்களுக்கும் படம் வரைந்து கொடுத்து வருகிறேன். அனிமேஷனை எந்த நிறுவனத்திலும் முறையாகப் படித்ததில்லை. வேலை முடிந்த பிறகு இரவு நேரங்களில் நானாகவே பழகியதுதான்.

கடந்த 4 ஆண்டுகளாக ஒரு கார்ட்டூன் தொடருக்கான கதை என்னிடம் வளர்ந்து வருகிறது. கைவிடப்பட்ட ஒரு கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் சிறுமியும், அவளைத் தேடி வரும் ஒரு நாரையும்தான் முக்கியப் பாத்திரங்கள். 12 அத்தியாயங்களுக்கான கதைச்சுருக்கம், முப்பதுக்கும் மேற்பட்ட பாத்திர வடிவங்கள், பின்னணி ஓவியங்கள், ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனித்தனி நிறத்திட்டம் என எல்லாவற்றையும் எழுதியும் வரைந்தும் முடித்துவிட்டேன். ஆனால் அசையும் காட்சியாக என் கையில் இருப்பது 11 விநாடிகள் மட்டுமே. சிறுமி ஓர் எண்ணெய்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு படியேறத் தொடங்கும் காட்சி அது. இக்கேள்வியுடன் அதை இணைத்திருக்கிறேன்.

மூன்று பெரிய ஸ்டுடியோக்களுக்குக் கதைக் கோப்பை அனுப்பினேன். இரண்டு இடங்களிலிருந்து பதில் வரவில்லை. மூன்றாவது இடத்தில், முகவர் வழியாக வராத எதையும் தாங்கள் திறந்து பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இதற்கிடையில் ஒரு சிறு நிறுவனம், கதையை மேம்படுத்தித் தருவதாகவும் அதற்கு முன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறது. முதலில் ஒரு ஸ்டுடியோவில் கீழ்நிலை வேலைக்குச் சேர்வதா, சொந்தமாக எடுத்து யூடியூபில் வெளியிடுவதா, வந்திருக்கும் ஒப்பந்தத்தை ஏற்பதா என்று முடிவு செய்ய இயலவில்லை. இத்துறையில் இருப்பவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

பதில்: இடைச்சட்டகம்

நண்பரே, வணக்கம். 15 ஆண்டுகளாக ஃப்ரீலான்ஸ் முறையில் அனிமேஷன் செய்து வருகிறேன். நீங்கள் அடுக்கிய மூன்று வழிகளுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது என்று கருதுவதால், அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். திரையில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம்கள், அதாவது 24 நிலைப்படங்கள், ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்தி வைக்கும் வழக்கமான முறையில் வேலை செய்தால் விநாடிக்கு 12 ஓவியங்கள் தேவை. உங்கள் 12 அத்தியாயங்களும் தலா 11 நிமிடங்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 7,920 விநாடிகள், அதாவது 95,040 ஓவியங்கள். ஒரு நாளைக்கு 10 ஓவியங்களை முடித்து, ஒரு நாள்கூட ஓய்வெடுக்காமல் உழைத்தாலும் அதற்கு 26 ஆண்டுகள் ஆகும். இது திரையில் ஒரே ஒரு பாத்திரம் இருந்தால் வரும் கணக்கு. அதே வேகத்தில் 90 விநாடிப் படம் ஒன்றுக்கு 1,080 ஓவியங்கள்தான், 108 நாள்களில் முடிந்துவிடும். நிலையாக நிற்கும் காட்சிகளையும் பின்னணியின் மீது கேமரா மட்டும் நகரும் காட்சிகளையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் குறையும்.

ஆகவே, தொடரை இப்போதைக்கு அலமாரியில் வைத்துவிட்டு, அதிலிருந்து தலையும் வாலும் உள்ள 90 விநாடிகளை மட்டும் எடுத்து முழுமையாக முடியுங்கள் என்பதே என் ஆலோசனை. டிரெய்லர் செய்ய வேண்டாம். நல்ல காட்சிகளைத் துண்டு துண்டாகக் கோத்துக் காட்டுவதற்கும், ஒரு சிறு நிகழ்வைத் தொடங்கி, வளர்த்து, முடித்துக் காட்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. உங்களை அறியாத ஒருவர் உங்களை நம்பிப் பணமோ வேலையோ தருவதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புவது, நீங்கள் எடுத்ததை முடிப்பவரா என்பதைத்தான்.

உங்களிடம் ஓர் அரிய வசதி இருக்கிறது. அதை நீங்களே கவனிக்கவில்லையோ என்று தோன்றுகிறது. தனியாக வாழும் சிறுமிக்கும் நாரைக்கும் வசனம் தேவையே இல்லை. வசனம் இல்லையென்றால் குரல் நடிகர், உதட்டசைவு, மொழிபெயர்ப்பு ஆகிய மூன்று செலவுகளும் ஒரே அடியில் நீங்கிவிடும். லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் சில குறும்படங்களுக்குப் பிறகு, 2019இல் வெளிவந்த 'அவே' என்ற முழுநீளப் படத்தை, இசை உட்பட, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் தனி ஒருவராகவே செய்தார். அதில் வசனமே கிடையாது. அந்தப் படத்துக்குப் பிறகுதான் அவர் ஒரு குழுவை அமைத்து, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் 'ஃப்ளோ'வை உருவாக்கினார். அதிலும் வசனம் இல்லை. 2025இல் சிறந்த அனிமேஷன் திரைப்படத்துக்கான ஆஸ்கார் விருதை அது பெற்றது. ஜப்பானின் மகோதோ ஷின்காய் ஒரு கணினி விளையாட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 2002இல் வெளிவந்த தமது 25 நிமிடப் படத்தைப் பெரும்பாலும் தனியாகவே தம் வீட்டுக் கணினியில் செய்து முடித்தார். இருவருக்குமே பெரிய படங்கள் பின்னால்தான் வந்தன. முடித்துக் காட்டிய படம் ஒன்று அதற்கு முன்னால் இருந்தது.

உங்கள் 11 விநாடிகளைப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். வரைவின் தரம் உயர்ந்தது, வெளிச்சம் விழும் விதம் அழகு. ஆனால் சிறுமியின் விரல்கள் தகரத்தின் பிடியைத் தொட்ட அதே ஃபிரேமில் தகரமும் தரையை விட்டு எழுந்துவிடுகிறது. அதனால் உள்ளே எண்ணெய் இருப்பதாகவே தோன்றவில்லை. கை பிடியை இறுக்கிய பிறகு, தகரம் அசையாமல் இருக்கும் 5 அல்லது 6 ஃபிரேம்களைச் சேர்த்து, அந்த இடைவெளியில் அவளுடைய தோள் தாழட்டும், இடுப்பு தகரத்தின் பக்கம் சாயட்டும், மறு கை சமநிலைக்காக வெளியே விலகட்டும். தகரம் எழும்போது முதலில் அதன் ஒரு விளிம்பு மட்டும் தரையை விட்டுப் பிரிய வேண்டும். படியில் கால் வைத்த பிறகு அவளுடைய இடது பாதம் மூன்று ஃபிரேம்களுக்கு மெல்ல வழுக்குகிறது, அதையும் ஓரிடத்தில் ஊன்றி நிறுத்துங்கள். இந்த இரண்டையும் சரிசெய்தால் அதே ஓவியங்கள் வேறொருவர் கையிலிருந்து வந்தவை போலத் தெரியும். ஓவியராக இருந்து அனிமேஷனுக்கு வருபவர்கள் ஒவ்வொரு ஓவியத்தையும் அழகாக்குவதில் நேரத்தைச் செலவிட்டு, இரண்டு ஓவியங்களுக்கு நடுவில் இருக்கும் காலத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

பதில்: நிழல்தாள்

கோட்டோவியன் அவர்களுக்கு வணக்கம். ஒரு ஸ்டுடியோவில், காட்சிகளை முன்கூட்டியே படவரிசையாக வரைந்து திட்டமிடும் ஸ்டோரிபோர்டு பிரிவில் இருக்கிறேன், புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் இருந்திருக்கிறேன். ஆகவே வேலைக்குச் சேர்வது பற்றி மட்டும் சொல்கிறேன்.

அழைக்காமல் வரும் கதைகளை ஸ்டுடியோக்கள் திறக்காமல் இருப்பதைத் தயவுசெய்து அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கோப்பை அவர்கள் படித்து, பின்னாளில் அதை ஒத்த ஒரு தொடரைத் தற்செயலாக எடுக்க நேர்ந்தால் வழக்கு வரும் என்ற அச்சம்தான் அதற்கு முதன்மையான காரணம். முகவர் வழியாகவோ, விழாக்களோடு சேர்ந்து நடக்கும் கதை விற்பனைச் சந்தைகள் வழியாகவோ, ஏற்கெனவே பார்வையாளர்களைச் சேர்த்துக்கொண்ட ஒரு படத்தின் வழியாகவோ போனால் அதே கதவு திறக்கும். அமெரிக்க அனிமேஷன் கலைஞர் விவியென் மெட்ரானோ தமது 'ஹாஸ்பின் ஹோட்டல்' தொடருக்கான முன்னோட்ட அத்தியாயத்தை, பேட்ரியான் தளத்தில் ஆதரவாளர்கள் தந்த பணத்தைக் கொண்டு பல கலைஞர்களோடு சேர்ந்து எடுத்து, 2019இல் யூடியூபில் வெளியிட்டார். அது முழுத் தொடராக அமேசான் பிரைமில் வெளிவந்தது 2024இல். அவ்வளவு பெரிய வரவேற்பு கிடைத்த படத்துக்கே நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிப்பதானால், உங்கள் தொடரைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். வேலை கொடுப்பவர் உங்கள் கதையைத் தேடவில்லை. அடுத்த மாதம் காலியாகப் போகும் ஒரு நாற்காலியை நிரப்பத் தேடுகிறார். எந்த நாற்காலி என்பதை நீங்கள் முடிவு செய்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். பாத்திர வடிவம், பின்னணி, ஸ்டோரிபோர்டு, அனிமேஷன் எல்லாம் செய்வேன் என்று எழுதி வருபவரை எந்தப் பிரிவும் தனக்குரியவராக எடுத்துக்கொள்வதில்லை. இணைத்திருக்கும் படங்களைப் பார்த்த வரையில் உங்கள் பலம் பின்னணி ஓவியத்திலும் காட்சி அமைப்பிலும் இருக்கிறது. பின்னணிப் பிரிவுக்கு என்றால் 12 முதல் 15 ஓவியங்கள் போதும். ஒரே இடத்தைக் காலை, மாலை, இரவு, புயல் என நான்கு வெளிச்சங்களில் வரைந்து காட்டினால், தனித்தனியான நான்கு அழகிய இடங்களை விட அது அதிகம் பேசும். ஸ்டோரிபோர்டு பிரிவுக்கு என்றால் இரண்டு அல்லது மூன்று தொடர்காட்சிகள் வேண்டும். அவற்றுள் ஒன்றிலாவது இரண்டு பேர் ஓர் அறையில் அமர்ந்து பேசுவது மட்டுமே நடக்க வேண்டும். துரத்தல் காட்சியை எல்லோரும் அனுப்புகிறார்கள். இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது யாருடைய மனம் எந்த நொடியில் மாறுகிறது என்பதைக் காட்டத் தெரிந்தவரைத்தான் நாங்கள் தேடித் தேடி எடுக்கிறோம். அனிமேஷன் பிரிவுக்கான ஷோரீல், அதாவது உங்கள் வேலைகளின் மாதிரிக் காணொளி, ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், மிகச் சிறந்த காட்சியை முதலில் வையுங்கள். பிறருடன் சேர்ந்து செய்த காட்சியானால், அதில் உங்கள் பங்கு எது என்பதைத் திரையிலேயே எழுதிவிடுங்கள்.

வேலையையும் சொந்தப் படத்தையும் சேர்த்து நடத்தியவர்கள் உண்டு. பிரிட்டிஷ் அனிமேஷன் இயக்குநர் நிக் பார்க் தமது 'எ கிராண்ட் டே அவுட்' படத்தை 1982இல் மாணவராகத் தொடங்கி, 1985இல் ஆர்ட்மேன் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து, அந்த ஸ்டுடியோவின் உதவியோடு 1989இல்தான் முடித்தார். ஆனால் ஒரு முன்னெச்சரிக்கை அவசியம். வேலை நேரத்துக்கு வெளியே நீங்கள் உருவாக்குவதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சில பணி ஒப்பந்தங்களில் ஒரு பிரிவு இருக்கும். சேருவதற்கு முன்பே, உங்கள் தொடரின் பெயரையும் பாத்திரங்களையும் 'முன்னரே உள்ள சொந்தப் படைப்புகள்' என்ற தலைப்பில் எழுதிக் கொடுத்து, அவற்றை விலக்கி வைப்பதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில்: மைக்கூடு

அந்தச் சிறு நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். இது எனக்கு நேர்ந்தது.

என்னுடைய முதல் கதையை ஒரு நிறுவனம் 'மேம்படுத்தித் தருவதாக'ச் சொன்னது. மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தை ஒரே மாலையில் படித்துக் கையெழுத்திட்டேன். அதில் தொகை இருந்தது, என் பெயர் இருந்தது, பாத்திரங்களின் பெயர்கள் எல்லாம் இருந்தன; முடிவுத் தேதி மட்டும் இல்லை. அவர்கள் அந்தக் கதையை எடுக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. 6 ஆண்டுகள் என் சொந்தப் பாத்திரத்தை நான் ஒரு வாழ்த்து அட்டையில்கூட வரைய முடியாமல் இருந்தேன். பிறகு வழக்கறிஞர் ஒருவரின் கடிதத்துக்குப் பின்தான் விடுவித்தார்கள். அந்த 6 ஆண்டுகளில் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்ற ஆவலே எனக்குப் போய்விட்டது; அதற்கு எந்த இழப்பீடும் கிடையாது.

ஆகவே கையெழுத்திடும் முன் இவற்றைத் தேடிப் பாருங்கள். அவர்கள் கேட்பது உரிமையை முழுவதுமாக மாற்றித் தருவதையா, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒதுக்கி வைப்பதையா என்பது முதல் கேள்வி. ஒதுக்கி வைப்பதானால் 12 மாதம், 18 மாதம் என்று ஒரு காலவரம்பும், அந்தக் காலத்துக்கு ஒரு தொகையும், அதற்குள் தயாரிப்பு தொடங்காவிட்டால் உரிமைகள் அனைத்தும் தாமாகவே உங்களிடம் திரும்பும் என்ற வாசகமும் இருக்க வேண்டும். மேம்படுத்தும்போது அவர்கள் சேர்க்கும் புதிய பாத்திரங்களும் மாற்றங்களும் யாருக்குச் சொந்தம் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கதை திரும்பி வந்தாலும் பாதிக் கதைதான் வரும். பொம்மை, புத்தகம், விளையாட்டு ஆகியவற்றின் உரிமைகளைத் தனித்தனியாகப் பேசுங்கள். ஒப்பந்தங்களைப் பார்த்துப் பழகிய வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் காட்டுவதற்கான செலவைப் படத்தின் செலவாகவே கருதுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாக்க விரும்புகிறேன். பதிப்புரிமை என்பது எண்ணத்துக்குக் கிடையாது. 'கலங்கரை விளக்கத்தில் ஒரு சிறுமி' என்பது யாருடைய சொத்தும் ஆகாது. நீங்கள் வரைந்த சிறுமி, எழுதிய அத்தியாயங்கள் ஆகியவையே உங்களுக்குச் சொந்தம். 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையைப் பின்பற்றும் நாடுகளில், பதிவு செய்யாவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆகவே, தேதியுடன் கூடிய மூலக்கோப்புகளையும் தொடக்கக்கால வரைவுகளையும் அழித்துவிடாதீர்கள்.

இசை விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். ஒரு பாடலில் இயற்றியவரின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று; படத்தில் பயன்படுத்த இரண்டும் வேண்டும். அமெரிக்க அனிமேஷன் கலைஞர் நினா பேலி பெரும்பாலும் தனியாகவே உருவாக்கி 2008இல் வெளிவந்த 'சீதா சிங்ஸ் த ப்ளூஸ்' என்ற முழுநீளப் படத்தில், 1920களில் பதிவான பழைய பாடல்களைப் பயன்படுத்தியிருந்தார். அந்தப் பாடல்களை இயற்றிய உரிமை அப்போது காலாவதியாகாமல் இருந்ததால், படம் முடிந்து விழாக்களில் பாராட்டுப் பெற்ற பிறகும் அதைச் சட்டப்படி வெளியிட அவர் பெரும்பாடு பட வேண்டியிருந்தது.

கோட்டோவியன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 95,040 என்ற எண்ணைத் தாளில் எழுதி மேசையின் முன் ஒட்டிவிட்டேன். அந்த ஒப்பந்தத்தை மறுபடி படித்தேன். 'உலகம் முழுவதும், எக்காலத்துக்கும்' என்ற சொற்கள் நான்காம் பக்கத்தில் இருக்கின்றன, காலவரம்பு எங்கும் இல்லை. கையெழுத்திடப் போவதில்லை என்று அவர்களுக்கு எழுதிவிட்டேன்.

தகரம் தூக்கும் காட்சியில் 6 ஃபிரேம்களைச் சேர்த்துத் தோளைத் தாழ்த்திப் பார்த்தேன். நான் வரைந்த சிறுமிக்கு முதன்முறையாக உடல் இருப்பது போல உணர்ந்தேன். அதை எழுதும்போதே கண் கலங்குகிறது.

90 விநாடிகளுக்கு, நாரை முதன்முதலாகச் சன்னலில் வந்து அமரும் இரவை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். விளக்கு அணைந்துவிடுகிறது, சிறுமி எண்ணெய் எடுத்து வருகிறாள், திரும்பி வரும்போது நாரை அங்கே இருக்கிறது. இரண்டு சந்தேகங்கள். முடித்த பிறகு விழாக்களுக்கு முதலில் அனுப்புவதா, இணையத்தில் முதலில் வெளியிடுவதா? அதுவரை வருமானத்துக்கு அனிமேஷன் வேலைகளை ஏற்கலாமா?

பதில்: இடைச்சட்டகம்

நல்ல தேர்வு. அதில் தகரம் தூக்கும் காட்சியும் அடங்கிவிடுவதால் 11 விநாடிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

விழாவா இணையமா என்பதில் வரிசைதான் முக்கியம். இணையத்தில் ஏற்கெனவே வந்துவிட்ட படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. ஆனால் விழாவில் காட்டிய படத்தை இணையத்தில் வெளியிட எந்தத் தடையும் இல்லை. ஆகவே முதலில் விழாக்களுக்கு அனுப்பி, ஓராண்டு என்று ஒரு வரம்பு வைத்து, அது முடிந்ததும் இணையத்தில் வெளியிடுங்கள். பிரான்சில் 1960 முதல் நடக்கும் ஆன்சி, கனடாவில் 1976 முதல் நடக்கும் ஒட்டாவா ஆகியவை எல்லோருடைய பட்டியலிலும் இருப்பதால் அங்கே போட்டி கடுமை. அவற்றுடன் நிறுத்திக்கொள்ளாமல், வசனமில்லாத படங்களையும் சிறுவர் படங்களையும் தேடும் சிறிய விழாக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல விழாக்கள் நுழைவுக் கட்டணம் வாங்குவதால், எத்தனைக்கு அனுப்புவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

வருமானத்துக்கு வேலை ஏற்பதில் தவறே இல்லை. எனக்கு இன்றும் சோறு போடுவது நிறுவனங்களுக்கான விளக்கப் படங்களும் இசைக் காணொளிகளும்தான். முன்பணம் வாங்காமல் தொடங்காதீர்கள். திருத்தங்கள் எத்தனை சுற்று என்பதை எழுத்தில் வையுங்கள். அனிமேட்டிக்கை, அதாவது கிறுக்கல் படங்களை உரிய நேரத்தில் ஓடவிட்டுக் காட்டும் முன்வரைவை, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட பிறகு கதையை மாற்றச் சொன்னால் அது புதிய வேலை, புதிய கட்டணம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த வேலைகளில் உங்கள் சிறுமியின் முகச்சாயல்கூட வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அங்கே வரைவது வாடிக்கையாளருக்குச் சொந்தமாகிவிடும்.

மென்பொருளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பிளெண்டரில் இருக்கும் கிரீஸ் பென்சில், கிரிட்டா, 2016இல் திறந்த மூலமாக்கப்பட்ட ஓபன்டூன்ஸ் ஆகிய மூன்றுமே இலவசம். இவற்றில் எது உங்கள் கைக்கு வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு, படம் முடியும் வரை மாற்றாமல் இருங்கள்.

இனி ஓவியத்தைத் தொடும் முன் அனிமேட்டிக் செய்யுங்கள். கட்டைவிரல் அளவுக் கிறுக்கல்களே போதும், ஆனால் 90 விநாடிகளும் அவற்றுக்குரிய நேரத்தில் ஓட வேண்டும். ஒலியை அப்போதே சேர்த்துவிடுங்கள். காற்று, அலை, தகரம் படியில் தட்டும் ஓசை ஆகியவற்றை உங்கள் தொலைபேசியிலேயே பதிவு செய்யலாம். குறிப்பாக, விளக்கு அணைந்த பிறகு வரும் இருட்டு எத்தனை விநாடி நீடிக்க வேண்டும் என்பதை ஓவியத்தால் முடிவு செய்ய முடியாது, காதால்தான் முடியும். நாரையின் சிறகோசை அந்த இருட்டில் முதலில் கேட்டு, உருவம் பிறகு தெரிந்தால் எப்படி இருக்கும் என்று முயன்று பாருங்கள். அப்படி அமைந்தால் நாரை பறந்து வந்து இறங்கும் காட்சியை வரையவே தேவையில்லாமல் போகலாம், நீங்கள் வரைய வேண்டிய காட்சிகளில் மிகக் கடினமானதும் அதுதான்.

அனிமேட்டிக் தயாரானதும் இங்கேயே ஏற்றுங்கள். ஒலியில்லாமல் ஒருமுறையும் ஒலியோடு ஒருமுறையும் பார்த்துவிட்டு, எந்தெந்த இடத்தில் நேரம் இழுக்கிறது என்று ஃபிரேம் எண்ணோடு குறித்து அனுப்புகிறேன்.